அவசரப் பிரிவின் ஷாக் மெஷினுக்குள் நடப்பது என்ன?



அவசரப் பிரிவிலுள்ள ஷாக் மெஷினுக்குப் புதிய பாட்டரி தேவைப்படுகிறது என்று சென்ற மடலில் இரண்டே வரியில் எழுதியிருந்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நெடுங்காலமாக நம் மருத்துவமனையைத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "மெஷினைப் போட்டால் விளக்கு எரிகிறது, திரையில் எழுத்து தெரிகிறது என்று உங்கள் சிஸ்டரே சொன்னார்கள். நன்றாக ஓடுகிற மெஷினுக்கு எதற்கையா புதுப் பாட்டரி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காணிக்கையாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டு அவருக்குச் சரியான பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. ஆகவே எங்கள் டெக்னீஷியனோடு உட்கார்ந்து பேசி, அறிந்துகொண்டதை இம்மடலில் எழுதுகிறோம். கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூடத்தை விட்டு வெகுநாளானவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறோம்.

இதயம் நடுங்கும்போது

இதயம் ஒரு தாளத்தோடு சுருங்கி விரியும் தசை. மாரடைப்பு போன்ற சில வேளைகளில் இந்தத் தாளம் கலைந்துவிடுகிறது. தசையின் ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்துக்குத் துடிக்க, இதயம் முழுவதும் புழுக்கள் நெளிவதுபோல நடுங்குகிறது. நடுக்கம் இருக்கும், ஆனால் இரத்தம் வெளியே போகாது. நோயாளி சில வினாடிகளில் நினைவிழந்து விழுகிறார். மார்பை அழுத்தி முதலுதவி செய்யாவிட்டால், ஷாக் கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

இதற்கு மருந்து, இதயத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கணத்தில் நிறுத்தி, மறுபடி ஒழுங்காகத் தொடங்க இடம் கொடுப்பதுதான். அதற்கு ஒரே ஒரு மின் துடிப்பு போதும். அந்தத் துடிப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் நீடிப்பது, எந்த வடிவில் ஏறி இறங்குவது என்பவற்றைத் தீர்மானிப்பவை இரண்டு சாதாரணப் பொருள்கள். இரண்டும் தங்கள் வீட்டிலும் இருந்தவைதான்.

வீட்டிலுள்ள இரண்டு பொருள்கள்

முதலாவது கண்டன்சர். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு மின்தேக்கி என்று பெயர். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், "கண்டன்சர் போய்விட்டது" என்று எலக்ட்ரீஷியன் சொல்லுவாரே, அதே பொருள்தான். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு மெல்லிய ஏடு, அவ்வளவே. தொட்டி தண்ணீரைத் தேக்குவதுபோல் இது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கிறது.

இரண்டாவது சுருள். பழைய டியூப் லைட்டின் மேல் கனமாக ஒரு சோக் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இரும்பின்மேல் சுற்றிய செம்புக் கம்பிதான் அது. சுருளின் குணம், தன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்ப்பது. வில்லியனூர்த் தேரை வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எத்தனை பேர் கைகொடுத்தாலும் தேர் உடனே ஓடிவிடாது. மெல்ல அசைந்து பிறகுதான் வேகம் எடுக்கும். ஓடத் தொடங்கிய தேரைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. அப்படி நிறுத்த முயன்றால் முட்டுக்கட்டையின்மேல் பெரும் அழுத்தம் வந்து விழும். டியூப் லைட்டின் ஸ்டார்ட்டர் செய்தது இதைத்தான். சோக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை அது பட்டென்று துண்டிக்கும். உடனே சோக் பல நூறு வோல்ட் அழுத்தத்தைக் கிளப்பும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டால் எரியாத குழல் அந்த உதையில் எரியும்.

நிரம்பும் கணக்கு

மாடியில் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டி ஒன்று, பக்கத்திலேயே காலித் தொட்டி ஒன்று, அடியில் இரண்டையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வேகமாகப் பாயும். காலித் தொட்டியில் மட்டம் உயர உயர வேகம் குறையும். கடைசி அங்குலம் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும்.

கண்டன்சரும் இப்படியே நிரம்புகிறது. குழாயின் இடத்தில் இருப்பது மின்தடை. மின்தடையின் ஓம் அளவையும் கண்டன்சரின் ஃபாரட் அளவையும் பெருக்கினால் வினாடிக் கணக்கு ஒன்று வரும். அதைக் கால மாறிலி என்பார்கள். உதாரணமாக, 10 லட்சம் ஓம் தடையும் 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் சேர்ந்தால் கால மாறிலி 1 வினாடி. முதல் கால மாறிலி முடியும்போது கண்டன்சர் 63 சதவீதம் நிரம்பியிருக்கும். இரண்டாவதில் 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98, ஐந்தாவதில் 99 சதவீதத்துக்கு மேல். வடிவதும் இதே கணக்கில்தான்: ஒரு கால மாறிலிக்குப் பின் மீதி 37 சதவீதம், ஐந்துக்குப் பின் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுருளில் மின்னோட்டம் ஏறுவதும் இதே வளைகோட்டில்தான். அங்கே கால மாறிலி என்பது சுருளின் அளவைத் தடையால் வகுத்து வருவது.

இப்பொழுது சுவிட்சைப் போட்டுச் சற்று நேரத்தில் அணைத்துவிடுவோம். இதுதான் துடிப்பு. கால மாறிலியைப்போல் பத்து மடங்கு நேரம் நீடிக்கும் துடிப்பானால், கண்டன்சர் முழுவதும் நிரம்பி, பிறகு முழுவதும் வடியும். உள்ளே போன சதுர வடிவம் ஓரங்கள் மட்டும் மழுங்கி வெளியே வரும். கால மாறிலியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நீடிக்கும் துடிப்பானால், கண்டன்சர் 10 சதவீதம்கூட நிரம்பாது. ஆகவே ஒரு துடிப்பு நீண்டதா குறுகியதா என்பது தனியாகச் சொல்லக்கூடியதல்ல. எந்தக் கண்டன்சர், எந்தத் தடை என்று கேட்ட பிறகே சொல்ல முடியும்.

இ.சி.ஜி. தாளின் ஓரத்திலுள்ள சிறு பெட்டி

இந்தக் கணக்கைத் தாங்கள் கையிலேயே பிடித்துப் பார்த்திருப்பீர்கள். தங்கள் இ.சி.ஜி. தாளை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கதவு நிலையைப்போல ஒரு சிறு சதுர வடிவம் இருக்கும். அது இதயத்திலிருந்து வந்ததல்ல. மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளத் தனக்குள் அனுப்பிக்கொள்ளும் 1 மில்லிவோல்ட் துடிப்பு அது. தாளில் அதன் உயரம் 10 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்வதால், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்டி 0.2 வினாடி நீடித்த துடிப்பைக் குறிக்கிறது.

இ.சி.ஜி. மெஷினின் வாசலில் குறுக்கே ஒரு கண்டன்சர் உண்டு. மாறும் மின்சாரத்தை உள்ளே விட்டு, மாறாமல் நிற்கும் மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. தோலில் ஒட்டிய மின்முனைகளில் எழும் தேவையற்ற அழுத்தம் இதனால் நீங்குகிறது. நோய் கண்டறிவதற்கான வழக்கமான முறையில் இதன் கால மாறிலி சுமார் 3.2 வினாடி. ஆகவே 0.2 வினாடிக்குள் பெட்டியின் மேற்கோடு 6 சதவீதமே சாய்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

வார்டில் இரவெல்லாம் ஓடும் மானிட்டரில், நோயாளி புரண்டு படுக்கும்போது கோடு அலைபாயாமல் இருக்க இந்தக் கால மாறிலியைப் பத்தில் ஒன்றாக, சுமார் 0.32 வினாடியாகக் குறைப்பதுண்டு. பழைய வகை மெஷினில் அப்படி வைத்து அதே துடிப்பை அனுப்பினால், 10 மில்லிமீட்டரில் தொடங்கும் மேற்கோடு 0.2 வினாடி முடிவில் ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்குச் சரிந்துவிடும். பெட்டி சரிவதுபோலவே இதயத்தின் அலையும் சரியும். மாரடைப்பா இல்லையா என்று மருத்துவர் பார்ப்பது, ஒரு கோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதைத்தான். எனவேதான் மானிட்டர் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், முழு இ.சி.ஜி. எடுக்கும்படி எங்கள் இளம் சிஸ்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். வடிகட்டி தவறான நிலையில் இருந்தால், இல்லாத மாரடைப்பு இருப்பதுபோலவும் இருக்கும் மாரடைப்பு இல்லாததுபோலவும் தோன்றக்கூடும்.

ஐயாயிரம் வோல்ட், ஐந்து மில்லி வினாடி

கண்டன்சரின் கதை பழையது. 1745-ல் ஜெர்மனியின் பொமரேனியாவில் பேராலயப் பொறுப்பிலிருந்த குருவானவர் ஃபான் கிளைஸ்ட் என்பவர், கண்ணாடிக் குப்பியில் மின்சாரத்தைத் தேக்க முடியும் என்று கண்டார். அடுத்த ஆண்டு ஹாலந்து தேசத்து லைடன் நகரப் பேராசிரியர் முசன்புருக்கும் அதையே கண்டு எழுதியதால் அதற்கு லைடன் ஜாடி என்று பெயராயிற்று. 1746-ல் பிரான்சில் நொலே என்ற மடாதிபதி, அரசர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோர்த்து நிற்கவைத்து, ஜாடியை அவர்கள் வழியே வடித்தார். அத்தனை பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்களாம். அப்போது நம் புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் டூப்ளே.

வேடிக்கையாயிருந்த அந்தத் துள்ளல் மருத்துவமாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1899-ல் ஜெனீவாவில் பிரவோ, பட்டெல்லி என்ற இருவர், நடுங்கும் இதயத்தை மின்சாரத்தால் நிறுத்தக்கூடும் என்று நாய்களில் கண்டார்கள். 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் டாக்டர் கிளாட் பெக், அறுவைச் சிகிச்சையின்போது இதயம் நடுங்கிய 14 வயதுச் சிறுவனைத் திறந்த மார்பிலேயே மின்சாரம் செலுத்திக் காப்பாற்றினார். 1956-ல் டாக்டர் பால் சோல், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே இதைச் செய்து காட்டினார். இவர்கள் பயன்படுத்தியது வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரம். 1962-ல் டாக்டர் பெர்னார்ட் லௌன், கண்டன்சரில் தேக்கிய மின்சாரத்தை ஒரு சுருள் வழியாக ஒரே துடிப்பாக அனுப்பும் முறையை வெளியிட்டார். அது பாதுகாப்பானதாகவும் பலனுள்ளதாகவும் விளங்கி, உலகெங்கும் பரவியது.

சுருள் எதற்கு? ஒரு கணக்குப் போடுவோம். 32 மைக்ரோஃபாரட் கண்டன்சரை 5,000 வோல்ட்டுக்கு நிரப்பினால், அதில் தேங்கும் ஆற்றல் 400 ஜூல். மார்பின் தடை 50 ஓம் என்று கொள்வோம். சுருள் இல்லாமல் நேரே வடித்தால், முதல் கணத்திலேயே 100 ஆம்பியர் பாயும், 1.6 மில்லி வினாடியில் அது 37 ஆம்பியராக விழுந்துவிடும். வெள்ளம் மதகை உடைத்துக்கொண்டு வருவதைப்போல இது. கூர்மையான அந்த உச்சம் இதயத் தசையைக் காயப்படுத்தக்கூடும்.

இடையே 50 மில்லிஹென்றி சுருளை வைத்துப் பாருங்கள். தேர் அசைவதுபோல மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, சுமார் ஒன்றரை மில்லி வினாடியில் 60 ஆம்பியரைத் தொட்டு, வளைந்து இறங்கி, சுமார் 5 மில்லி வினாடியில் முடிகிறது. தேங்கியிருந்த ஆற்றல் அதேதான். அது மார்புக்குள் இறங்கிய விதம் மட்டும் மாறிவிட்டது. மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததுபோலாயிற்று.

கண்டன்சரும் சுருளும் சேர்ந்தால் இன்னொரு குணமும் வரும். ஊஞ்சலைப்போல் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஆட விரும்பும். அதை அடக்குவது நடுவிலுள்ள தடை, அதாவது நோயாளியின் உடல். நாம் சொன்ன அளவுகளில் எல்லை சுமார் 79 ஓம். 50 ஓம் மார்பில் துடிப்பு ஒருமுறை இறங்கியபின் எதிர்த்திசையில் சற்றே எட்டிப்பார்க்கும். 100 ஓம் மார்பில் ஆட்டமே இராது. உச்சம் குறைந்து, துடிப்பு நீண்டுபோகும். பேடிலுக்கு ஜெல் போதாமலிருந்தாலும், மார்பில் அழுத்திப் பிடிக்காவிட்டாலும் தடை கூடிவிடும். இதயத்துக்குப் போகவேண்டிய மின்னோட்டம் குறைந்துவிடும். ஜெல்லுக்கென்று ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் தொகை எழுதுவது இதனால்தான்.

இப்போதுள்ள மெஷின்கள் துடிப்பைப் பாதியில் துண்டித்து, மீதியை வேண்டுமென்றே எதிர்த்திசையில் அனுப்புகின்றன. இம்முறையில் 400 ஜூல் தேவையில்லை. பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் போதுமாகிறது. மெஷினும் கைப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே உயிர்நாடியாயிருப்பது கண்டன்சரே.

ஷாக் கொடுத்ததும் திரையில் கோடு சில வினாடிகள் எங்கோ போய்விட்டுத் திரும்புவதைக் கண்டு உறவினர் அலறிவிடுவதுண்டு. அது மரணத்தின் அடையாளம் அல்ல. அந்தப் பெரிய துடிப்பால் நிரம்பிவிட்ட மானிட்டரின் சிறு கண்டன்சர்கள் வடிந்து தெளியும் நேரம் அது. எங்கள் ஊழியர் கோட்டுக்காகக் காத்திராமல் உடனே மார்பை அழுத்தத் தொடங்குவார்கள்.

பெரியவரின் கேள்விக்குப் பதில்

இனி பாட்டரிக்கு வருவோம். பாட்டரியின் அழுத்தம் சில வோல்ட்டுகளே. அதிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் எப்படி வருகிறது? டியூப் லைட் சோக்கின் அதே வேலைதான். மெஷினுக்குள் ஒரு சிறு சுருளில் மின்னோட்டத்தை ஏற்றி ஏற்றித் துண்டிக்கிறார்கள், வினாடிக்குப் பல்லாயிரம் முறை. ஒவ்வொரு முறையும் சுருள் ஒரு சிறு கிண்ணம் ஆற்றலைக் கண்டன்சருக்குள் ஊற்றுகிறது. கிண்ணம் கிண்ணமாகத் தொட்டி நிரம்புகிறது.

பாட்டரிக்கு வயதாகும்போது அதன் உள்தடை கூடுகிறது. சுருளில் ஏறும் மின்னோட்டம் குறைகிறது. இங்கேதான் கவனிக்கவேண்டும்: கிண்ணத்திலுள்ள ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பாதியானால் கிண்ணத்தில் பாதியல்ல, கால் பங்குதான் இருக்கும். நிரம்பும் நேரம் நான்கு மடங்காகும்.

எங்கள் அவசரப் பிரிவில் தினமும் காலையில் பணிக்கு வரும் சிஸ்டர் மெஷினைச் சுவரின் பிளக்கிலிருந்து கழற்றி, பாட்டரியிலேயே 200 ஜூலுக்கு நிரப்பி, மெஷினுக்குள் உள்ள 50 ஓம் சோதனைத் தடையில் வடித்து, நேரத்தை நோட்டில் எழுதுவார்கள். மெஷின் புதிதாயிருந்தபோது 6 வினாடி. பிறகு 8, 11 என்று ஏறியது. பாட்டரி கேட்டு எழுதிய வாரத்தில் அது 24 வினாடி. விளக்கு எரிந்தது, திரையும் தெரிந்தது. அவற்றுக்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். கண்டன்சரை நிரப்பத்தான் பாட்டரிக்குப் பலம் இல்லை.

"பதினெட்டு வினாடிதானே அதிகம்?" என்று கேட்கலாம். நிரம்பும் நேரத்தில் மார்பை அழுத்திக்கொண்டேயிருந்தால் நோயாளி முற்றிலும் கைவிடப்படுவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஒரே ஷாக்கில் எல்லா இதயமும் திரும்புவதில்லை. இரண்டாவது, மூன்றாவது வேண்டியிருக்கும். தளர்ந்த பாட்டரி முதல் ஷாக்கை 24 வினாடியில் கொடுக்கும். இரண்டாவதற்கு இன்னும் திணறும். மூன்றாவதைக் கொடுக்காமலே போகக்கூடும். சுவர் பிளக் இருக்கிறதே என்றால், 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் வந்தபின் புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனை நாள் இருளில் இருந்தோம் என்பதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயலில் நம் ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவிலும், நோயாளியைக் கோரிமேட்டுக்கு அனுப்பும் ஆம்புலன்சிலும், பாட்டரி ஒன்றே துணை.

எனவே, ஐயா, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் எந்த வேலைக்காக அதை வாங்கினோமோ அந்த வேலைக்கு அது தயாராக இல்லை. இதை எங்களுக்குக் காட்டியது அந்தச் சிறிய நோட்டுப் புத்தகமும், நாள் தவறாமல் அதில் எழுதிய சிஸ்டர்மாரின் உண்மையுமே.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கண்டன்சர் பிளக்கைக் கழற்றினாலும் உடனே வடிந்துவிடாது. பயன்படுத்தாத ஷாக்கை மெஷின் தனக்குள்ளேயே ஒரு தடையில் வடித்துக்கொள்ளும். ஆனாலும் பழுதான மெஷினைத் திறக்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியனைத் தவிர வேறு யாரையும் நாங்கள் அனுமதிப்பதில்லை. தங்கள் வீட்டு மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தாங்கள் செய்யக்கூடியது

ஷாக் மெஷின் மருத்துவமனையில்தான் இருக்கிறது. மனிதர் விழுவதோ பெரும்பாலும் வீட்டில், தெருவில், ஆலயத்தில். ஒருவர் திடீரென விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால், உடனே ஒருவர் 108-ஐ அழையுங்கள். மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, விடாமல் அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். கண்டன்சர் நிரம்புமட்டும் அந்த மனிதரை உயிரோடு வைத்திருப்பது அந்தக் கைகளே.

பெரியவர் கேட்ட கேள்விக்காக அவருக்கு எங்கள் நன்றி. கேட்டுக் கொடுக்கிறவர்களின் கரத்திலிருந்து வருவதை இன்னும் கவனமாகச் செலவிட நாங்கள் கற்றுக்கொள்கிறோம். தங்கள் ஈவினால் புதிய பாட்டரி வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலை நோட்டில் சிஸ்டர் எழுதிய எண்: 6 வினாடி.

தங்கள் ஜெபங்களை நாடும்,
அவசரப் பிரிவு ஊழியர்கள்